ஆடி டிடிக்கு 9ஜெ, ஈடி52, 245/40 ஆர்18: அளந்து வாங்கிய சக்கரமும் டயரும்

பின் மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார் அப்பா. நூல் நேராகத் தரைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. டயரின் தோளில் சாய்ந்து நின்றது. ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒம்பது மில்லி வெளிய நிக்குது சாமி. இது இந்த வண்டிக்குன்னு செஞ்ச சக்கரமில்ல" என்றார்.

கோவை கணபதியில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர் அவர். இப்போது அதே பட்டறையில் நான் பம்புசெட் பாகங்களுக்கு மெஷினிங் செய்து கொடுக்கிறேன். கால் மில்லி தப்பினால் ஒரு காஸ்டிங்கே வீணாகிற தொழில். அப்படிப்பட்ட வீட்டில் நிற்கிற காருக்கு, பார்க்க எடுப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரோ சக்கரம் மாட்டியிருந்தது எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்தது.

வண்டி 2012 மாடல் ஆடி டிடி. இரண்டாம் தலைமுறை, 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சின், 211 குதிரைத்திறன், குவாட்ரோ, அதாவது நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வகை. கோவையிலேயே ஒருவரிடம் வாங்கினேன். எனக்கு முன் வைத்திருந்தவர் கம்பெனி சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெளிச்சந்தை அலாய் வீல் மாட்டியிருந்தார். அகலம் 8.5ஜெ, அதாவது 8.5 அங்குலம், விட்டம் 18 அங்குலம், ஆஃப்செட் ஈடி35. அதன்மேல் 245 மில்லி அகலமுள்ள 245/45 ஆர்18 டயர். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு வண்டி கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்று அந்த டயரைப் போட்டதாகச் சொன்னார். அவர் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

ஆஃப்செட் என்றால் என்ன என்று பலருக்கும் குழப்பம் இருப்பதால் எங்கள் பட்டறைப் பாணியில் சொல்லிவிடுகிறேன். ரிம்மின் அகலத்துக்குச் சரி நடுவில் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் ஹப்பில், அதாவது வண்டி அச்சின் முனையில், போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லி தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். ஐன்பிரஸ்டீஃப என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த சுருக்கம்தான் ஈடி. அந்த முகம் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் பாசிட்டிவ். எண் கூடக்கூடச் சக்கரம் உள்ளே போகும், குறையக்குறைய வெளியே வரும்.

இந்தத் தலைமுறை டிடிக்கு ஆடி கொடுத்த 18 அங்குலச் சக்கரம் 9ஜெ, ஈடி52. அதற்கு 245/40 ஆர்18 டயர். என் வண்டியில் இருந்ததோ ஈடி35. 52-லிருந்து 35-ஐக் கழித்தால் 17. டயரின் நடுக்கோடு ஒவ்வொரு பக்கமும் 17 மில்லி வெளியே வந்துவிட்டது. 17 மில்லி என்பது என் கட்டைவிரல் அகலத்துக்கும் குறைவு. ஆனால் ஸ்டியரிங் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால் அது தொடுகிற புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் இடையே உள்ள தூரத்தை எஞ்சினியர்கள் மில்லிக் கணக்கில் யோசித்து வைத்திருக்கிறார்கள். அங்கே 17 மில்லி மாறினால் ஸ்டியரிங் சும்மா இருக்காது. பொள்ளாச்சி ரோட்டில் லாரிகள் அழுத்தி அழுத்தி உண்டான பள்ளக்கோடுகளில் போனால், ஸ்டியரிங்கை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தண்ணீரில் இறங்கினால் இன்னும் மோசம். வீல் பேரிங் மேல் விழும் பாரமும் அதே அளவுக்கு வெளியே தள்ளிப் போகிறது. லேத்தில் டூலை வெளியே நீட்டிப் பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை, 95-ஐத் தாண்டினால் வரும் அதிர்வு. 110 வரை நடுங்கும், பிறகு அடங்கும். இரண்டு கடைகளில் பேலன்சிங் செய்தேன். இருவருமே ஈயக்கட்டி ஒட்டிக் கொடுத்தார்களே தவிர, சக்கரத்தின் நடு ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. பட்டறையில் கழற்றி வெர்னியர் வைத்தேன். ஓட்டை 73.1 மில்லி, வண்டியின் ஹப் 57.1 மில்லி. சுற்றிலும் 8 மில்லி இடைவெளி! பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று வெளிச்சந்தைச் சக்கரங்களைப் பெரிய ஓட்டையோடு செய்வார்கள். நடுவில் ஒரு வளையம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். என் வண்டியில் அந்த வளையமே இல்லை. ஐந்து போல்ட்டுகளை எந்த வரிசையில் முறுக்கினார்களோ, சக்கரம் அந்தப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே அலுமினிய ராடில் நான்கு வளையம் கடைந்தேன். கடைசி 'கட்' அப்பாதான் போட்டார். வெளிவிட்டம் 73.05, உள்விட்டம் 57.15. கையால் தள்ளினால் 'டப்' என்று உட்கார வேண்டும், ஆடக்கூடாது, சுத்தியலும் கேட்கக்கூடாது. மறுநாள் காலை அவிநாசி ரோட்டில் நீலாம்பூர் வரை போய் வந்தேன். அதிர்வு துளிகூட இல்லை. வளையம் பாரம் தாங்குவதில்லை, சக்கரத்தை நடுவில் நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. பாரத்தைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கம்தான். ஆனால் நடுவில் நிற்காத சக்கரத்துக்கு எத்தனை பேலன்சிங் செய்தாலும் பயனில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

அதோடு விட்டிருப்பேன். வால்பாறைதான் விடவில்லை. ஆழியாறிலிருந்து மேலே ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவு. என்னோடு மனைவியும் பின்னால் இரண்டு பையும். மூன்றாவது வளைவிலேயே முன் இடது பக்கம் 'சர்ர்' என்று உரசல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் அதே சத்தம். ஒன்பதாவது வளைவில் காட்சி பார்க்க எல்லாரும் நிறுத்துவார்கள். நாங்கள் நிறுத்தி மட்கார்டுக்குள் டார்ச் அடித்தோம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் பளபளவென்று தேய்ந்திருந்தது.

காரணம் ஆஃப்செட் மட்டுமல்ல, டயரின் உயரமும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 245/40 ஆர்18 என்றால் பக்கச்சுவரின் உயரம் 245-இல் 40 சதவீதம், அதாவது 98 மில்லி. மேலும் கீழுமாக 196. அதோடு 18 அங்குலத்துக்கு 457.2 மில்லி. மொத்த விட்டம் 653.2. 245/45 போட்டால் இதுவே 677.7 ஆகிறது. 24.5 மில்லி அதிகம். வண்டி உயர்வது அதில் பாதி, 12 மில்லிதான். அந்த 12 மில்லிக்காக டயர் மேலே 12 மில்லி ஏறி, வெளியேயும் 17 மில்லி வந்து, திரும்பும்போது லைனரைத் தொடுகிறது. சுற்றளவு 3.75 சதவீதம் கூடியதால் ஸ்பீடோமீட்டர் கணக்கும் அந்த அளவுக்கு மாறியிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பைவிட மந்தம். கியர் விகிதத்தை யாரோ மாற்றிவிட்டதற்குச் சமம் அது.

கோவையில் ஒரு கடையில் காட்டினேன். "மட்கார்டை உள்ள மடிச்சுத் தட்டி விட்டுடலாங்ண்ணா, கூட ஸ்பேசர் போட்டா லுக்கும் வந்துரும்" என்றார்கள். உரசுகிற வண்டிக்கு, இன்னும் வெளியே தள்ளும் ஸ்பேசர்! நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சிறுவயதில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுவரோரம் நின்று பந்தயம் பார்த்தவன் நான். ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர்ப் பையன்களுக்கு அகலமான டயர் என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பந்தயக் காரில் சக்கரம், சஸ்பென்ஷன், சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணமான கேம்பர் எல்லாம் ஒரே கணக்கில் சேர்த்துச் செய்தவை. ஒன்றை மட்டும் பிடுங்கி நம் காரில் ஒட்டினால் கணக்கு உடைந்துவிடும்.

சரி, எதை வாங்குவது? என் முன்னால் மூன்று வழி இருந்தது. மூன்றுமே இந்த டிடிக்கு ஆடியே கொடுத்த அளவுகள். 17 அங்குலம், 8.5ஜெ, ஈடி50, 245/45 டயர். 18 அங்குலம், 9ஜெ, ஈடி52, 245/40. 19 அங்குலம், 9ஜெ, ஈடி52, 255/35. பக்கச்சுவர் முறையே 110, 98, 89 மில்லி. கிராமத்து ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு 17-ஐ எடுக்கலாம். அந்தக் கூடுதல் ரப்பர்தான் கல்லையும் குழியையும் வாங்கிக்கொள்ளும். விட்டம் 652.3 என்பதால் மீட்டரும் மாறாது. 19-ஐ நான் யோசிக்கவே இல்லை. சுல்தான்பேட்டைப் பக்கம் அப்புச்சி ஊருக்கு மாதம் ஒருமுறையாவது போகிறேன். அந்த ரோட்டில் 89 மில்லி ரப்பரை நம்பி ரிம்மை உருட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் 18-ஐ எடுத்ததற்குக் காரணம், வளைவில் ஸ்டியரிங் உடனே பதில் சொல்ல வேண்டும் என்கிற ஆசை. அப்புறம், நல்ல நிலையில் கம்பெனிச் சக்கரம் ஒரு செட் அந்த அளவில் கிடைத்தது.

பழைய சக்கரம் வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்போக்கின் பின்னால் '9ஜெ x 18 எச்2 ஈடி52' என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தாலும் அளந்துவிடலாம். சக்கரத்தைக் கவிழ்த்து, உள்விளிம்பின் குறுக்கே ஒரு நேர்ப்பட்டையை வையுங்கள். அங்கிருந்து ஹப் உட்காரும் முகம் வரை ஆழம் பாருங்கள். எனக்கு 179 வந்தது. விளிம்பிலிருந்து விளிம்புக்கு மொத்த அகலம் 254, அதில் பாதி 127. 179-இல் 127 போனால் 52. இதற்கு ஒரு நேர்ப்பட்டையும் ஸ்கேலும் போதும். மொத்த அகலத்தைத்தான் பாதியாக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 9ஜெ என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே. அதை வைத்துக் கழித்தால் விடை தப்பாகும்.

நான்கில் ஒன்றின் உள்பக்கம், பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தடம் இருந்தது. விரலால் தடவும்போதே தெரிந்துவிட்டது. விற்றவர் மறுக்காமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். பிறகு நான்கையும் லேத்தில் கட்டி டயல் கேஜ் வைத்தோம். மிக அதிகம் ஆடியது 0.4 மில்லி. மற்றவை அதற்கும் குறைவு. அப்பா தலையை ஆட்டினார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

டயருக்கு வருகிறேன். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4, 245/40 ஆர்18, 97 ஒய். 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும், ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரைக்கும் தகுதி. நாம் அந்த வேகத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் இந்த எண்கள் வண்டியின் தேவைக்குக் கீழே இறங்கக் கூடாது. 245/40 டயருக்கு 8 முதல் 9.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். 9ஜெ அதற்குள் வருவதால் பக்கச்சுவர் பிதுங்காமலும் இழுபடாமலும் நேராக நிற்கிறது. வாங்கும்போது சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பார்த்தேன். 1824, அதாவது 2024-இன் 18-ஆவது வாரம். நான்கு டயரிலும் அதே எண். நான்கும் சேர்த்து 80,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. பெரிய தொகைதான், மறைக்கவில்லை. ஆனால் குவாட்ரோ வண்டிக்கு இரண்டு மட்டும் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம். இந்த டிடியில் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்புவது ஹால்டெக்ஸ் கிளட்ச். முன்டயரும் பின்டயரும் வேறு வேறு சுற்றளவில் இருந்தால், நேர்ரோட்டிலும் வேக வித்தியாசம் இருப்பதாகவே அதற்குப் படும். டயரில் மிச்சம் பிடித்த காசு கிளட்ச்சில் போய்விடும்.

மாட்டிக் கொடுத்தது மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்ன டயர் கடை. அங்கே வேலை செய்யும் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் கொண்டுபோன போல்ட் டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "அண்ணா, இது கோன் போல்ட்டுங்க. பழைய அலாய்க்கு உள்ளது. இந்தக் கம்பெனி வீலுக்கு உருண்டை சீட் போல்ட் வேணும்" என்றார். ஓட்டையின் உட்காரும் இடத்தில் விரலை வைத்து வளைவையும் காட்டினார். நான் ஹப்பையும் ஆஃப்செட்டையும் அளந்தேன், இதை விட்டுவிட்டேன். கூம்புப் போல்ட்டை உருண்டை இருக்கையில் முறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே பிடிக்கும், ஓட்டத்தில் தளர்ந்துவிடும். சக்கரம் கழன்று ஓடுகிற விபத்துக்கு அது போதும். எம்14, 1.5 மரையில் உருண்டை சீட் போல்ட் இருபதும் புதிதாக வாங்கி வந்த பிறகுதான் அவர் ஜாக்கியைத் தொட்டார்.

மாட்டிய விதமும் நிறைவாக இருந்தது. ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். போல்ட்டுகளை முதலில் கையால் கடைசி வரை ஓட்டினார். ஏர் கன்னைப் பக்கத்தில் வைத்திருந்தும் இறுக்குவதற்கு அதை எடுக்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொல்லி, மறுபடி சோதித்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அலைன்மெண்ட் செய்வதற்கு முன் என்ன இருந்தது, செய்த பிறகு என்ன ஆனது என்று இரண்டு தாளும் கொடுத்தார்கள். இருக்கும் குறை ஒன்றுதான். கடை சிறியது, டயர் வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. அந்தத் தம்பியின் வேலைக்காக நான் இன்னொரு ஒன்பது நாளும் காத்திருப்பேன்.

இப்போது 11,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. தூக்குக்குண்டு மட்கார்டைத் தாண்டித் தரைக்கு இறங்குகிறது, டயர் 6 மில்லி உள்ளே. பொள்ளாச்சி ரோட்டுப் பள்ளக்கோடுகளில் ஸ்டியரிங் இழுப்பது நின்றுவிட்டது. வால்பாறைக்கு அதே சுமையோடு இரண்டு முறை போய் வந்தேன். நாற்பது வளைவிலும் ஒரு உரசல் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்புகிறது, நடுவே யோசிப்பதில்லை. இந்த வண்டியை ஆடி இப்படித்தான் செய்திருக்கிறது, இத்தனை நாள் நான்தான் அதைப் பார்க்காமல் இருந்தேன் என்று தோன்றியது.

ஐப்பசி மழையில் கோத்தகிரி ரோட்டில் இறங்கியது தனியாகச் சொல்ல வேண்டியது. அகலமான டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும் என்ற பயம் எனக்கு இருந்தது. ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது இந்த மிஷலின் காட்டிய பிடிப்பு அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. அதற்காகத் தேயும் வரை ஓட்டமாட்டேன். சட்டம் 1.6 மில்லி வரை அனுமதிக்கிறது. மலையில் ஓட்டுகிறவன் 3 மில்லியிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. காற்று, குளிர்ந்த டயரில் 34 பிஎஸ்ஐ வைக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் சொந்தக் கேஜில் பார்க்கிறேன்.

இழந்தது என்ன? அந்த 12 மில்லி உயரம். நெகமம் பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் முன்னால் அடி தட்டுகிறது, இப்போது சாய்வாக ஏற்றி இறக்குகிறேன். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் 98 மில்லி சுவர் கல்லை உடம்புக்குச் சொல்லிவிடும். அது டயரின் குறை அல்ல, 40 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு. என் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, காற்றுப் பம்பும் ஒட்டும் திரவமும்தான். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் இரண்டும் உதவாது. அதனால் இரவில் தெரியாத கிராமத்து ரோட்டுக்கு டிடியை எடுப்பதில்லை, வீட்டில் இருக்கும் இன்னொரு வண்டியில் போகிறோம்.

கம்பெனிச் சக்கரத்தின் ஓட்டை 57.1-க்கே கடைந்தது என்பதால் வளையம் இனி தேவையில்லை. நாங்கள் கடைந்த நான்கும் அப்பாவின் மேசை இழுப்பறையில், எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கின்றன. வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 57.1 தேவைப்படுகிறவர் நம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காசு வேண்டாம். உங்கள் சக்கரத்தை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள், அப்பா அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.